நூல் கணக்கில் ஒளிந்த ஐந்நூறு ரூபாய்

அங்கத்தினருள் பலர் சங்கத்தின் வரவுசெலவில் ஆண்டிறுதி லாப நஷ்டத்தை மட்டுமே நோக்குகின்றனர். நஷ்டம் எங்கே பிறந்தது என்பதை அந்த ஒரு தொகை சொல்லாது. அதனை அறிவதற்கே நியமச் செலவு என்னும் கணக்கு முறை ஏற்பட்டது. ஒரு துணிக்கு இவ்வளவு நூல், இவ்வளவு விலை, இவ்வளவு கூலி என முன்னரே வகுத்துக்கொண்டு, நெய்து முடித்தபின் உண்மைச் செலவை அதனோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் காரணவாரியாகப் பிரிப்பதே இம்முறை.

சென்ற ஆண்டுச் செலவையே நியமமாக எழுதினால் சென்ற ஆண்டின் சேதாரமும் அதனுள் புகுந்துவிடும். ஆதலின் அதைக் கணித்தே வகுக்க வேண்டும். 50 அங்குல அகலமும் 4 கெஜ நீளமும் உள்ள எட்டு முழ வேட்டியைக் கொள்வோம். பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 72 இழை. பாவில் 3,600 இழை. அதற்கு 14,400 கெஜம் நூல். ஊடைக்கும் அவ்வளவே. சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம் ஆகையால் மொத்தம் 34 சிட்டத்துக்குச் சற்று மேல். 60-ஆம் நம்பர் நூல் பவுண்டுக்கு 60 சிட்டம். எடை ஏறக்குறைய 260 கிராம். நெசவில் ஏற்படும் சுருக்கத்துக்கும் சேதாரத்துக்கும் இடம் விட்டு 280 கிராம் என வைப்போம்.

கிலோவுக்கு நியம விலை 400 ரூபாயானால், 100 வேட்டிக்கு 28 கிலோ, 11,200 ரூபாய். சங்கம் 390 ரூபாய்க்கே நூல் வாங்கிற்று. ஆனால் 30 கிலோ செலவாயிற்று. ஆக 11,700 ரூபாய், அதிகம் 500. இதனைப் பிரித்தால், விலையில் 30 கிலோவுக்கு 300 ரூபாய் மிச்சம். அளவில் 2 கிலோவுக்கு, நியம விலைப்படி, 800 ரூபாய் நஷ்டம். அளவு வேறுபாட்டை நியம விலையிலேயே கணிக்கிறோம். சந்தையின் ஏற்ற இறக்கம் தறியில் அமர்ந்தவர் தலையில் விழலாகாது அல்லவா?

கூலியையும் இவ்வாறு பிரிக்கலாம்; உருப்படிக் கூலியில் அதற்கு அதிக வேலையில்லை.

இந்த 300-ஐயும் 800-ஐயும் கண்டவுடன், கொள்முதல் செய்தவரைப் பாராட்டி நெசவாளரின் கூலியில் பிடித்தம் செய்யத் தோன்றும். அது பெரும் அநீதியாக முடியலாம். மலிவான நூல் வலுவற்றதாயின் பாவு ஓட்டும்போதும் தறியிலும் அறுந்துகொண்டேயிருக்கும். அப்போது 300 ரூபாய் மிச்சமே 800 ரூபாய் நஷ்டத்தை ஈன்றதாகும். இழை முடிந்துகொண்டிருந்த நேரத்துக்கு நெசவாளர் இழந்த கூலியோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே மிஞ்சிய நூலின் நம்பரையும் வலுவையும் சோதித்த பின்னரே அவரிடம் கேள்வி கேட்பது முறை.

மற்றொன்றும் உண்டு. பருத்தி நூல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உலர்ந்த எடைக்கு மேல் 8.5 சதவீதம் ஈரம் என்பது வணிகத்தில் ஒப்புக்கொண்ட அளவு. மழைக்காலத்தில் நிறுத்து வழங்கிய நூல், வெயில் காலத்தில் துணியாகத் திரும்பும்போது எடை குறைந்து காணலாம், அது களவன்று. வழங்கும்போதே எடையோடு சிட்டங்களையும் எண்ணிக் குறித்துக்கொண்டால், அந்த வழக்கைத் தராசு முன் நின்று பேச வேண்டியிராது.