இழுக்க மட்டுமே தெரிந்த கேபிள்

1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பெர்னார்ட் பியட்டன்போல் என்பவர், மரச்சட்டங்களை ஒட்டித் துணி போர்த்திய இரண்டு இருக்கை விமானத்தில் ஃபோர்டு மாடல் ஏ கார் என்ஜினைப் பூட்டிப் பறந்தார். 'ஏர் கேம்பர்' என்ற அந்த விமானத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றும் பலர் வீட்டுக் கார் ஷெட்டில் அதைக் கட்டிவருகிறார்கள். உலோகத் தகடுகளைத் தறையடித்துக் கட்டும் ஆர்.வி. ரக விமானங்களும் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. இப்படிக் கட்டுகிறவர்கள் கூடினால் பேச்சு என்ஜினைப் பற்றியும் பெயின்டைப் பற்றியும்தான். விமானியின் கைகாலையும் விமானத்தின் வாலையும் இணைப்பது ஒரு பென்சிலில் பாதி கனம்கூட இல்லாத எஃகுக் கேபிள். அதைப் பற்றி யாராவது வாய் திறந்தால், பெரும்பாலும் அவர் தரைப்பலகையை மூடிவிட்டு மறுபடி கழற்றியவராக இருப்பார்.

சிறு விமானங்களில் அதிகம் பயன்படுவது 1/8 அங்குலக் கேபிள், அதாவது சுமார் 3.2 மில்லிமீட்டர். ஏழு புரிகள், ஒவ்வொரு புரியிலும் 19 மெல்லிய கம்பிகள், ஆக மொத்தம் 133. இத்தனை மெல்லிய இழைகளாகப் பிரித்திருப்பதால்தான் அது கப்பியில் வளைந்து வளைந்து ஓடியும் சீக்கிரம் களைத்துப்போவதில்லை. ஒரே கம்பியாக இருந்தால் சில நாளில் முறிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் செய்தது கிட்டத்தட்ட 800 கிலோ இழுவிசை வரை அறாது. துத்தநாகம் பூசிய சாதாரண எஃகு 900 கிலோ தாங்கும். பளபளப்பானதுதான் வலுவானது என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம் தரும். பயத்தில் பெடலை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் ஒரு மனிதரால் இந்த எல்லைக்கு அருகில்கூடப் போக முடியாது.

எனவே நடுவில் அறுந்துபோவது பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தொடுகிற இடம், திரும்புகிற இடம், முடிகிற இடம் ஆகிய மூன்றில்தான் கேபிள் கெடும்.

கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் எப்போதும் ஜோடியாகத்தான் போகும். இடது பெடலிலிருந்து ஒன்று சுக்கானின் இடப்பக்கக் கொம்புக்கும், வலது பெடலிலிருந்து இன்னொன்று வலப்பக்கக் கொம்புக்கும் ஓடும். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும் அப்படியே, மேலே ஒன்று, கீழே ஒன்று. வழியில் சட்டங்கள், இருக்கை, எரிபொருள் குழாய், மின்கம்பிகள் எல்லாம் குறுக்கே நிற்கும். அவற்றுக்கு நடுவில் எதையும் உரசாமல் கேபிளுக்கு ஒரு பாதை கண்டுபிடிப்பதுதான் கட்டுபவரின் வேலை. மின்கம்பிக் கட்டைக் கேபிளிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளிக் கட்டு, முடியாவிட்டால் நடுவே தடுப்பு வை என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேடு. ஓடிக்கொண்டே இருக்கும் கேபிள் ஒரு ரம்பம். பிளாஸ்டிக் உறை அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

சட்டத்தைத் துளைத்துப் போகுமிடத்தில் ஃபேர்லீட் என்ற வளையத்தைப் பொருத்துவார்கள். நைலானிலோ ஃபினாலிக்கிலோ செய்தது. கேபிள் அதிர்ந்து சட்டத்தில் அடிபடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை, கேபிளைத் திருப்புவது அல்ல. மூன்று பாகைக்கு மேல் கேபிள் வளைகிறதென்றால் அங்கே கப்பி வேண்டும் என்பது கையேட்டின் விதி. 'நாலு பாகைதானே' என்று வளையத்திலேயே இழுத்துவிட்டால், வளையம் கேபிளையும் கேபிள் வளையத்தையும் அறுக்கும். கப்பியும் கேபிள் வரும் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும், விலகல் இரண்டு பாகைக்குள். வாளி இறக்கும்போது கயிறு தளர்ந்து கிணற்றுக் கப்பியின் காடியை விட்டு நழுவிப் பக்கவாட்டில் சிக்கிக்கொள்ளுமே, அதே கதை விமானத்திலும் நடக்கும். அதைத் தடுக்கக் கப்பியின் விளிம்பை ஒட்டிச் சின்னத் தடுப்பு ஊசி வைப்பார்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் விட்டுவிடக் கூடாத வேலை.

இனி முனை. முன்பெல்லாம் புரிகளைப் பிரித்துக் கையால் பின்னிக் கண்ணி போடுவார்கள். அந்தப் பின்னலில் கேபிளின் வலுவில் முக்கால் பங்குதான் மிஞ்சும். இப்போது செம்பு உறையை இறுக்கிப் பிழியும் முறை. தொலைபேசிக் கம்பிகளை இணைப்பதற்காகக் கிளீவ்லண்ட் நகரில் ஒரு தொலைபேசிச் சாமான் கம்பெனி உருவாக்கிய 'நைகோபிரஸ்' இன்று விமானக்காரர்களின் சொத்தாகிவிட்டது. கேபிளை நீள்வட்டச் செம்பு உறைக்குள் விட்டு, கண்ணீர்த்துளி வடிவக் கவசத்தைச் சுற்றி வளைத்து, அதே உறைக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நுனி மறுபக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1/8 அங்குலத்துக்கு மூன்று பிழி: முதலில் உறையின் நடுவில், பிறகு கவசத்தை ஒட்டி, கடைசியில் மறுமுனையில். ஒவ்வொரு பிழிக்கும் செம்பு நீளும். நடுவில் தொடங்குவதால் அது இரு பக்கமும் ஒழுங்காக ஒதுங்குகிறது. பின்பு ஒரு அளவுத் தகட்டின் காடியை உறைமேல் நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் பிழி போதவில்லை, கருவியைச் சரிசெய்து மறுபடி அழுத்த வேண்டும். சரியாக விழுந்த உறை கேபிளின் முழு வலுவையும் தாங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணி ஃபேர்லீட் துளைக்குள் நுழையாது. ஒரு முனையை முடித்துவிட்டு, மறுமுனையைத் துளைகளில் கோக்க மறந்து அதையும் பிழிந்துவிட்டால், வெட்டிப் போட்டுவிட்டுப் புதுக் கேபிள் வாங்க வேண்டியதுதான். கேபிளை வெட்டும்போது கத்தரிதான், தீ வைத்து வெட்டக் கூடாது. சூடு பட்ட எஃகு வலுவிழக்கும்.

இழுவிசையைச் சரிசெய்ய டர்ன்பக்கிள். பித்தளைப் பீப்பாயின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. பீப்பாயைத் திருகினால் இரு முனைகளும் ஒன்றாக உள்ளே வரும், அல்லது வெளியே போகும். மரை மூன்று சுற்றுக்கு மேல் வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் பிடி போதவில்லை என்று அர்த்தம். இறுக்கிய பிறகு அது தானே சுழன்று கழலாதபடி, பீப்பாயின் நடுத்துளை வழியாகப் பூட்டுக் கம்பி போட்டு முனைகளில் சுற்றிவிட வேண்டும். எந்த அளவுக்கு இறுக்குவது என்பதற்கு வெப்பநிலைப் பட்டியல் உண்டு. ஐந்து மீட்டர் நீள அலுமினிய உடல் 40 டிகிரி வெப்பமாறுதலில் நாலரை மில்லிமீட்டர் நீளும், எஃகுக் கேபிளோ இரண்டரைதான் நீளும். அதனால் வெயிலில் கேபிள் விறைக்கும், குளிரில் தொய்யும்.

டர்ன்பக்கிள் திருகல் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு பயணிகள் விமானம் காட்டியது. 2003 ஜனவரி 8-ல் அமெரிக்காவின் சார்லட் நகரில் பீச்கிராஃப்ட் 1900டி புறப்பட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, விழுந்தது. உள்ளே இருந்த 21 பேரும் இறந்தனர். அதற்கு முன் நடந்த பராமரிப்பில் எலிவேட்டர் கேபிள் இழுவிசையைச் சரிசெய்தபோது டர்ன்பக்கிள்கள் தவறாகத் திருகப்பட்டன. மூக்கைத் தாழ்த்தும் அசைவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோனது. வழிமுறையில் சில படிகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். விமானத்தில் பாரமும் கூடுதலாகப் பின்பக்கம் இருந்தது. கேபிள் அறவில்லை, கழலவில்லை. நீளம்தான் தவறியது.

2018 நவம்பர் 11-ல் போர்ச்சுகலில் நடந்தது இன்னொரு விதம். பராமரிப்பு முடித்துப் புறப்பட்ட எம்ப்ரேயர் 190-ல், விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்களான ஐலரான்களின் கேபிள்கள் மாறிப்போயிருந்தன. இடப்பக்கம் சாய்த்தால் விமானம் எதிர்மாறாகப் பதில் சொன்னது. ஆறு பேர் திண்டாடி, கடைசியில் பேஜா விமானதளத்தில் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. பெரிய விமானத்திலேயே இப்படி என்றால், தனியாக ராத்திரி பத்து மணிக்கு ஷெட்டில் கேபிள் கோக்கிறவருக்கு என்ன உத்தரவாதம்?

அதனால்தான் தரைப்பலகையை மூடும் முன்பு, அதைக் கட்டாத வேறொருவரின் கண் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் அமைப்பான எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் இதற்கென்றே அனுபவமுள்ள தொண்டர்களைத் தயாராக வைத்திருக்கிறது. அவர்கள் வந்ததும் ஒரு துணித்துண்டை எடுத்துக் கேபிள் நெடுகத் தேய்ப்பார்கள், அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். விரலால் அல்ல, குத்திவிடும். அப்புறம் கண்ணாடியும் டார்ச்சும் பிடித்து, கைப்பிடியை முழு எல்லைக்கும் தள்ளி, டர்ன்பக்கிள் எந்தக் கப்பியையாவது ஃபேர்லீட்டையாவது முட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கடைசிச் சோதனைக்குக் கருவி வேண்டாம். கைப்பிடியின் உச்சியில் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்து இடப்பக்கம் சாய்த்தால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க இறக்கையின் ஐலரான் மேலே எழ வேண்டும். வலப்பக்கத்துக்கும் அப்படியே. எழாவிட்டால் தரைப்பலகையை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.