வடிகட்டியும் உப மொத்தமும்

அலுவலகங்களில் அறிக்கை தயாரிக்கும் பழைய மாணவர் பலர், 2015 இல் வெளிவந்த ‘பவர் பிஐ’ என்னும் மென்பொருளைக் கையாள்வதை நாம் அறிவோம். அதன் உப மொத்தம் எளிதில் ஏமாற்றவல்லது.

ஒரு பாடசாலையில் ஓராண்டு விஞ்ஞானப் பிரிவிற் சித்தியெய்தியோர் 200 பேர், அவருள் ஓர் இல்லத்தார் 50 பேர் எனக் கொள்வோம். வடிகட்டியில் அவ்வாண்டையும் அவ்வில்லத்தையும் தெரிந்தவுடன் பிரிவின் உப மொத்தமும் 50 ஆகச் சுருங்கும். இல்லத்தின் பங்கு 100 வீதம் என்று காட்டும்! உண்மையோ 25 வீதம். வகுக்கும் எண்ணும் வடிகட்டப்பட்டமையே காரணம்.

இதற்குப் பரிகாரமாக, ‘கல்குலேற்’ என்னுஞ் சார்பினுள் ‘ஓல்எக்செப்ற்’ என்பதை இட்டு, பிரிவு நிரலை மாத்திரம் நிறுத்தி, அட்டவணையின் மற்றைய வடிகட்டிகளை நீக்குவர் பலர். ஆண்டு நிரலும் அதே அட்டவணையில் இருப்பின் அதுவும் நீங்கிவிடும். பல்லாண்டுத் தொகை 1,000 எனின் பங்கு 5 வீதமாய்க் குறுகும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. நல்ல இல்லமொன்று வீண்பழி சுமக்கும்.

ஆதலின், ‘றிமூவ்பில்ரேர்ஸ்’ என்னுஞ் சார்பில் இல்ல நிரலை மாத்திரம் குறிப்பிடுதலே நமக்கு உவப்பு. பிரிவும் ஆண்டும் அசையாது நிற்க, 200 மீளும்.