கணிப்பொறியின் உஷ்ணமும் திரவச் சுற்றும்

திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் ஸாகா-220 என்னும் மீக்கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டபோது, அது 150 கிலோவாட் மின்சாரம் கொள்ளும் என்று அறிவிக்கப்பட்டது. அம்மின்சக்தி கணக்கை முடித்தபின் எங்கே போகிறது? ஏறக்குறைய முழுவதும் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. பள்ளி மேசையிலுள்ள கணிப்பொறிக்கும் விதி இதுவே. உஷ்ணம் மிகுந்தால் அதன் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பின்னும் மிகுந்தால் பொறி நின்றுவிடும். சேமிக்காத வேலையும் போய்விடும்.

சில கணிப்பொறிகளில் இவ்வுஷ்ணத்தை அகற்றத் திரவச் சுற்று அமைந்திருக்கும். பிராசஸர் மேல் பொருந்திய செப்புத் தகட்டினின்று சூட்டை ஏற்கும் திரவத்தைச் சிறு பம்பு ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே விசிறி அச்சூட்டைக் காற்றில் சேர்க்கிறது. திரவம் உஷ்ணத்தை அழிப்பதில்லை. சுமந்து செல்கிறது, அவ்வளவே. ஆகவே பொறி சூடேறினால், சுமை எவ்விடத்தில் தங்கிற்று என்று காண வேண்டும்.

காலம் முதற் சாட்சி. வேலை கொடுத்த சில வினாடிகளிலேயே பிராசஸர் 90 டிகிரியைத் தாண்டினால், பம்பு நின்றிருக்கலாம். அல்லது தகட்டின் அடியிலுள்ள பசை உலர்ந்திருக்கலாம். அரைமணி நேரம் மெல்ல ஏறினால் ரேடியேட்டரின் தூசியையும் விசிறியையும் அறைக் காற்றையும் ஆராய்க.

அடுத்த சாட்சி கை. (சுழலும் விசிறிக்கும் மின் இணைப்புகளுக்கும் கை எட்டாதிருக்கட்டும்.) ஒரு குழாய் சுட, மற்றது குளிர்ந்திருந்தால் சுற்று நன்கு வேலை செய்கிறதென்று மகிழ்வோர் உண்டு. உண்மை நேர்மாறானது. நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் ஓடினால் 100 வாட் உஷ்ணம் அதனை 1.5 டிகிரிகூட உயர்த்தாது. கைக்கு அவ்வேற்றுமை புலப்படாது. பெரிய வேற்றுமை தெரிந்தால் ஓட்டம் குன்றியிருக்கிறது. அடைப்போ, பம்பில் சிக்கிய காற்றோ காரணம். பம்பின் அதிர்வு தெரிந்தும் இரு குழாய்களும் குளிர்ந்திருக்கப் பிராசஸர் மட்டும் கொதித்தால், பசையைப் புதுப்பிக்க வேண்டியதுதான்.

மூடிய சுற்றிலும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய்ச் சுவர் வழியே திரவம் சிறிது சிறிதாக மறையும். அவ்விடத்தைப் பிடிக்கும் காற்று, சுற்றின் மிக உயர்ந்த பகுதியில் தங்கும். அப்பகுதி பம்பாக இருத்தல் கூடாது. ரேடியேட்டரின் மேற்பகுதி பம்பினும் உயர்ந்திருத்தல் வேண்டும்.

திரவத்தைப் பனிக்கட்டியால் குளிர்விக்கும் யோசனை கடற்கரை ஊர்களில் ஆபத்தானது. காற்று 32 டிகிரியும் ஈரப்பதம் 70 சதவீதமும் உள்ள நாளில் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த குழாயின்மேல் நீர்த்துளிகள் அரும்பி மின்சுற்றுகளில் சொட்டும். விசிறி மட்டுமே குளிர்விக்கும் சுற்றில் இவ்வச்சம் இல்லை. அதன் திரவம் அறைக் காற்றினும் குளிர்வதில்லை.