தண்ணீர் ஓடும்போது முள் எங்கே நிற்கிறது?



நம்ம வெள்ளகோவில் பக்கம் நூற்பாலைகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய ஆலை ஒன்றுக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தால் கூரையை அண்ணாந்து பாருங்கள். சிவப்புச் சாயம் அடித்த இரும்புக் குழாய்கள் தெரியும். அவற்றில் இடைவெளி விட்டு விட்டுச் சின்ன உலோக மூக்குகள் இருக்கும். ஒவ்வொரு மூக்கிலும் ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பி, அதற்குள் சிவப்புத் திரவம்.

“அது எதுக்குங்க மாமா?” என்று கேட்டீர்களா? சபாஷ்! அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

அதன் பெயர் ஸ்பிரிங்க்ளர். தீயை அணைக்கத் தானாகவே தண்ணீர் தெளிக்கும். பஞ்சு மூட்டைக்குள் ஒரு சின்ன ஆணி கிடந்தாலே ஆபத்து. பஞ்சை உதறிப் பிரிக்கும் புளோ ரூம் எந்திரத்தின் பல்லில் அது பட்டால் பொறி பறக்கும். பறந்து கிடக்கும் பஞ்சுத் தூசி வழியாகத் தீ கண் இமைப்பதற்குள் ஓடிவிடும்.

சூடு 68 டிகிரி செல்சியஸைத் தொட்டதும், உள்ளே இருக்கும் சிவப்புத் திரவம் விரிந்து குப்பியை உடைக்கும். மூக்கு திறந்து தண்ணீர் கொட்டும். சினிமாவில் காட்டுவதுபோல எல்லா மூக்கும் ஒரே நேரத்தில் திறக்காது. எதைச் சூடு தொடுகிறதோ அது மட்டும்தான் திறக்கும். 1874-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஹென்றி பார்மலி என்பவர் தம் பியானோ தொழிற்சாலையைக் காக்க இப்படி ஒன்றைச் செய்தார். அதில் கண்ணாடிக் குப்பி கிடையாது, சூட்டில் உருகும் உலோகப் பற்றுதான் இருந்தது.

இதுவரை புரிந்ததா? சரி, இப்போது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. குப்பி உடைந்தால் மட்டும் போதுமா?

போதாது. தண்ணீர் வேகமாகவும் வர வேண்டும், வேண்டிய அளவும் வர வேண்டும். அதற்காக ஆலையில் தனித் தொட்டியும் பம்புகளும் வைத்திருப்பார்கள். ஜாக்கி என்ற குட்டிப் பம்பு, குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். மூக்கு திறந்து அழுத்தம் சட்டென்று இறங்கினால் பெரிய பம்பு தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் போய்விட்டாலும் பயமில்லை, டீசல் பம்பு இருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குழாயில் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் இருக்கும். அதன் முள் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவில் நிற்கிறது என்று வையுங்கள். 70 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் அது. “அப்பாடா, எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். உங்கள் பள்ளிக்கூடக் குழாயடியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மட்டும் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் ஓடிப்போய் எல்லாக் குழாயையும் திறந்தால்? நூல் மாதிரி ஒழுகும். தொட்டியும் அதே தொட்டி, தண்ணீரும் அதே தண்ணீர்தான்! ஓடாமல் நிற்கும் தண்ணீர் குழாயின் குறையைக் காட்டாது. ஓட விட்டால்தான் காட்டும்.

அதனால் பம்பைச் சோதிப்பவர்கள் மூன்று தடவை அளப்பார்கள். முதலில் தண்ணீர் வெளியே போகாதபடி மூடி வைத்து ஓட்டுவார்கள். அடுத்து, பம்பின் முழு அளவுக்குத் தண்ணீரை ஓட விடுவார்கள். பெரிய பம்பு ஒன்று நிமிடத்துக்கு 2,280 லிட்டர் தள்ளும். 15 லிட்டர் குடமாக இருந்தால் 152 குடம், ஒரே நிமிடத்தில்! மூன்றாவதாக, அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 3,420 லிட்டர். அப்போது அழுத்தம் குறையத்தான் செய்யும். ஆனாலும் நூற்றுக்கு 65 பங்காவது மிஞ்ச வேண்டும். 7 கிலோ பம்பு என்றால் 4.55 கிலோ. எங்கே, நீங்களே பெருக்கிப் பாருங்கள்!

நம்ம ஊர் வறண்ட பூமி. இவ்வளவு தண்ணீரும் வீணா என்று கவலைப்பட்டீர்களா? நல்ல மனசு! ஃப்ளோ மீட்டர் வழியாக அளந்து, திரும்பத் தொட்டிக்கே அனுப்பும் குழாய் போட்டிருந்தால் பெரும்பாலும் வீணாகாது.

முள் 4.55-க்குக் கீழே போனால் தேடல் தொடங்கும். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் வடிகட்டியில் பாசி அடைத்திருக்கலாம். பம்புக்குள் சுழலும் சக்கரம் தேய்ந்திருக்கலாம். யாரோ ஒரு வால்வைப் பாதி மூடிவிட்டு மறந்திருக்கலாம். எனக்கு மிகவும் பயம் தருவது இந்த வால்வுதான். முழுதாக மூடியிருந்தால் எத்தனை குப்பி உடைந்தும் பயனில்லை. அதனால்தான் வால்வைத் திறந்து வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள்.

அளந்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பார்கள். மூன்றாவது தடவை அளந்தது போன வருஷம் 5.2 கிலோ, இந்த வருஷம் 4.7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே பாஸ்தான். ஆனால் நல்ல பொறியாளர் நோட்டை மூடிவிட மாட்டார். அந்த அரைக் கிலோ எங்கே போயிற்று என்று தேட, அன்றைக்கே பம்பு அறைக்குப் போய்விடுவார்.