‘காரணம் கண்டறியப்படவில்லை’ என்னும் அறிக்கையின் பொருள் என்ன?

வளர்ச்சித் தாமதம், வலிப்பு ஆகியவற்றின் காரணத்தை அறிய எக்ஸோம் மரபணுப் பரிசோதனை செய்யப்பட்ட குழந்தைகள் பலருக்கு, ‘காரணம் கண்டறியப்படவில்லை’ என்றே அறிக்கை வருகிறது. அப்படியானால் மரபணுவில் குறையே இல்லையா எனப் பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. அவ்வாறு முடிவு செய்துவிட இயலாது.

மனித மரபணுத்தொகை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. அவற்றுள் புரதங்களுக்கான குறிப்புகள் 2 சதவீதத்திற்கும் குறைவே. எக்ஸோம் பரிசோதனை பெரும்பாலும் அப்பகுதியை மட்டுமே படிக்கிறது. எஞ்சிய பகுதியில் உள்ள சில மிகச் சிறிய துண்டுகளும் இன்றியமையாதவை என்பது இப்போது தெளிவாகி வருகிறது.

141 எழுத்துகளே கொண்ட மரபணு

12ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்.என்.யு.4-2 என்னும் மரபணு இதற்குச் சிறந்த சான்று. இது புரதத்தை உருவாக்குவதில்லை, சிறியதோர் ஆர்.என்.ஏ. மூலக்கூறை உருவாக்குகிறது. பிற மரபணுக்களின் படிகளிலிருந்து வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கி, வேண்டியவற்றை ஒட்டும் உயிரணுக் கருவியில் அம்மூலக்கூறு ஓர் உறுப்பு. இதே வகை மூலக்கூறு ஈஸ்ட்டிலும் உண்டு. மாற்றம் நேர்ந்தால் உயிர் வாழ்வதே கடினம் என்பதால், பரிணாமம் இதனை நெடுங்காலமாகக் காத்து வந்துள்ளது.

இம்மரபணுவில் 18 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியில் நேரும் மாற்றங்கள் வளர்ச்சித் தாமதம், தசைத் தளர்ச்சி, சிறிய தலை, வலிப்பு ஆகியவற்றை உண்டாக்குவதாக 2024இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோரிடம் இருந்தது, கூடுதலாகச் செருகப்பட்ட ஒரே ஓர் எழுத்துதான். இந்நிலை ‘ரெனு நோய்க்குறித் தொகுப்பு’ எனப்படுகிறது. நரம்பு வளர்ச்சிக் குறைபாடுள்ளோரில் ஆயிரத்தில் ஏறத்தாழ 4 பேருக்கு இதுவே காரணம்.

பெற்றோர் அறிய வேண்டியவை

இம்மாற்றம் பெரும்பாலும் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுகிறது. பெற்றோரின் இரத்தத்தில் காணப்படுவதில்லை. எனவே தாயோ தந்தையோ தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த குழந்தைக்கும் நேரும் வாய்ப்பு குறைவு. எனினும் முற்றிலும் இல்லை என்று கூற முடியாது. ஆகவே அடுத்த கருத்தரிப்பிற்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நலம்.

இதனைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் காரணம் தெரிந்தால், மீண்டும் மீண்டும் செய்யப்படும் சோதனைகள் குறையும். வலிப்பு, உணவூட்டல் ஆகியவற்றைத் திட்டமிட்டுக் கவனிக்கவும் முடியும்.

பழைய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை வரும்போது அதனை உடன் கொண்டு வந்து, முழு மரபணுத்தொகைப் பரிசோதனையோ இம்மரபணுவுக்கான தனிப் பரிசோதனையோ தேவையா எனக் கேளுங்கள். பயிற்சிச் சிகிச்சைகளையும் வலிப்பு மருந்துகளையும் விடைக்காகக் காத்திராமல் தொடருங்கள்.