ரம்ப மிஷின் மோட்டார் நின்னுபோச்சா? காயில் கட்டக் கொடுக்கும் முன்னால் இதைப் படிங்க



மனைப்பலகை, முக்காலி, பூரிக்கட்டை என்று மரவேலை செய்யும் குழுக்கள் பெரும்பாலும் பழைய ரம்ப மிஷினைத்தான் வாங்குகிறோம். புதுசுக்கு எங்கே போவது? இரும்பு மேசை நல்ல கனமாக இருந்தால் பழசும் நன்றாகவே உழைக்கும். ஆனால் அதிலே முதலில் கைவிரிப்பது மோட்டார்தான். மோட்டார் நின்ற அன்றைக்கு வேலை நின்றுவிடுகிறது. வங்கித் தவணை நிற்பதில்லை. அந்தப் பதற்றத்தில் மோட்டாரைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிவிடுகிறோம். கடையில் "காயில் போச்சும்மா" என்பார்கள். பல நேரம் அது உண்மை. சில நேரம் கோளாறு சில நூறு ரூபாயில் முடிகிற இடத்தில் இருக்கும்.

எனவே முதலில் நாமே பார்ப்போம். மெயினை அணைத்துவிட்டு, பீஸ் கட்டையையும் உருவி ஒருத்தர் கையில் வைத்துக்கொள்ளுங்க. பிறகு பெல்ட்டைக் கழற்றணும். ரம்பத்தின் ஷாஃப்டில் இருக்கும் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்க. பிளேடைத் தொடவேண்டாம். சுற்ற முடியாமல் இறுகியிருந்தால் குற்றம் மோட்டாரில் இல்லை, ரம்பத்தின் பேரிங்கில் இருக்கு. அடுத்து மோட்டார் புல்லி. கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் ஆடினாலோ மோட்டாரின் பேரிங் தேய்ந்திருக்கும். பேரிங் மாற்றுவது சின்னச் செலவு. அதை மாற்றாமல் ஓட்டினால்தான் காயில் வரைக்கும் போய் நிற்கும்.

மொக்கை பிளேடும் மோட்டாரைக் கொல்லும். சாணை பிடிக்காத பிளேடில் ஈர மரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால் மோட்டார் திணறிச் சூடாகும். மரத்தூள் காற்றாடி மூடியை அடைத்திருந்தால் அந்தச் சூடு வெளியே போகவும் வழியில்லை.

நம்ம ஊர்ப்பக்கம் இன்னொன்றும் உண்டு, குறைந்த மின்னழுத்தம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் சாயங்காலம் 180 வந்தால், மோட்டாரின் இழுவை சுமார் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வோல்ட் கால்வாசிகூட குறையவில்லையே, இழுவை ஏன் இவ்வளவு குறையுது என்று கேட்கலாம். இழுவை வோல்ட்டின் வர்க்கக் கணக்கில் குறையும், அதான். இந்த நிலையில் புது மோட்டார் வாங்கிப் போட்டாலும் அதுவும் புகையும். மின்வாரியத்தில் மனு எழுதிக் கொடுப்பதுதான் இதற்கு வழி.

சிங்கிள் பேஸ் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் அநேகமாக கண்டென்சர் போயிருக்கும். சிலர் புல்லியைக் கையால் தள்ளிவிட்டு ஓட வைப்பார்கள். ரம்ப மிஷினில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், விரல் போயிடும். கரண்டை அணைத்த பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் அதைக் கழற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட், வோல்ட் எண்ணைப் பார்த்து அதே அளவில் போடச் சொல்லுங்க.

இதெல்லாம் சரியாக இருந்து, கருகிய வாடையும் அடித்தால் காயில்தான். இப்போதுதான் காயில் கட்டுவதா, புதுசு வாங்குவதா என்ற கேள்வி வருது.

எங்கள் கருத்து இதுதான். த்ரீ பேஸ் மோட்டார், கனமான வார்ப்பு இரும்பு உடம்பு, முதல் தடவை கருகியிருக்கு என்றால் காயில் கட்டலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கட்டியது, பேரிங் உட்காரும் இடமே தேய்ந்தது, ஷாஃப்ட் வளைந்தது என்றால் விட்டுவிடுங்க. கட்டுகிற செலவு புது மோட்டார் விலையில் பாதியைத் தாண்டினாலும் புதுசே மேல். கரண்ட் செலவையும் சேர்த்துப் பார்க்கணும். 2 எச்.பி. என்பது 1,492 வாட். பழசு 70 சதவீதமும் புதுசு 80 சதவீதமும் திறனோடு ஓடுது என்று வைத்துக்கொண்டால், மாதம் 150 மணி நேரத்துக்கு வித்தியாசம் சுமார் 40 யூனிட். முழு பாரத்தில் எப்போதும் ஓடாது, பாதி என்று வைத்தாலும் 20 யூனிட்.

காயில் கட்டக் கொடுத்தால் செம்புக் கம்பியா, அலுமினியமா என்று முன்னாடியே கேட்டு ரசீதில் எழுதச் சொல்லுங்க. பழைய செம்புக் கம்பி நம்ம சொத்து. அதைத் திருப்பிக் கேளுங்க, இல்லை எடை போட்டுக் கூலியில் கழிக்கச் சொல்லுங்க. கூடப்போன வீட்டுக்காரரைப் பார்த்தே கடைக்காரர் பேசினால், "பணம் குழுவோடது, எங்ககிட்ட சொல்லுங்க" என்று ஊக்குநரும் பிரதிநிதியும் முன்னால் நிற்கணும்.

புதுசு வாங்கப் போகும்போது பழைய மோட்டாரின் தகட்டில் உள்ளதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்க: எச்.பி., பேஸ், வோல்ட், ஆர்.பி.எம். ஷாஃப்டின் தடிமன், கால்களில் உள்ள போல்ட் துளைகளின் இடைவெளி இரண்டையும் அளந்துக்கணும். மரத்தூள் பறக்கிற இடம் என்பதால் முழுக்க மூடிய மோட்டாராகக் கேளுங்க. தகட்டில் ஐ.பி. 55 என்று இருந்தால் நல்லது.

இதில் ஆர்.பி.எம். விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுக்காதீங்க. மோட்டார்கள் பெரும்பாலும் 1,440 அல்லது 2,880 சுற்றில் வரும். "எச்.பி. ஒண்ணுதான்மா, இது இன்னும் வேகம்" என்று சொல்லி மாற்றிக் கொடுக்கலாம். மோட்டாரில் 4 அங்குலப் புல்லி, ரம்பத்தில் 2 அங்குலப் புல்லி என்றால், 1,440 மோட்டாரில் பிளேடு 2,880 சுற்று சுற்றும். அங்கே 2,880 மோட்டாரை மாட்டினால் பிளேடு 5,760 சுற்று ஓடும். பிளேடு தாங்கும் அதிகபட்ச சுற்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அதைத் தாண்டினால் பல் தெறிக்கும், பிளேடே பிளக்கலாம். எதிரே நிற்பது நம்ம ஆளு.

மாட்டி முடித்ததும் பிளேடு இல்லாமல் ஓட்டிப் பாருங்க. மேசைக்கு மேலே தெரியும் பற்கள் வேலை செய்பவரை நோக்கி வரும்படி ஷாஃப்ட் சுற்றணும். த்ரீ பேஸ் தலைகீழாகச் சுற்றினால் மூன்று கம்பியில் ஏதாவது இரண்டை மாற்றி மாட்டினால் சரியாகும். சிங்கிள் பேஸில் உள்ளே இணைப்பை மாற்றணும். இரண்டுக்குமே எலக்ட்ரீஷியனை வைத்துக்கொள்ளுங்க. எர்த் கம்பியும் பிளேடு மூடியும் மாட்டாமல் அவரை அனுப்பாதீங்க. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழணும். அதற்கு மேல் இறுக்கினால் புது பேரிங்கும் சீக்கிரம் தேயும். இதையும் மிஷின் நின்ற பிறகுதான் பார்க்கணும்.

ரசீதையும், மோட்டார் தகட்டு எண்களையும், மாட்டிய தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்க. உத்தரவாத அட்டையைப் பீரோவில் தொலைக்காமல் அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்க.