மேற்படிப்பு உதவித்தொகை: விவசாயியின் வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது?

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் சிறு விவசாயிகளுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேருகின்றன. ஒன்று நாற்றங்கால், உழவு, ஆடிப்பட்ட விதைப்பு. மற்றொன்று வருமானச் சான்றிதழ். முதல் வேலை பருவம் தவறினால் ஒரு போகம் போகும். இரண்டாவது தவறினால் பிள்ளையின் ஓராண்டு உதவித்தொகை போகும்.

மாணவர்களுக்கான பல உதவிகள் பெற்றோரின் ஆண்டு வருமானத்தை வைத்தே வழங்கப்படுகின்றன. இது சரியான முறையா, இதில் விவசாயிக்கு எங்கே இடிக்கிறது, அவர் செய்யக்கூடியது என்ன என்பவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த உதவிக்கு எவ்வளவு?

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கான பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பு உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகைக்கும் தமிழகத்தில் இதே வரம்பு உள்ளது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்கு வரம்பு ரூ.3.5 லட்சம். இதில் தேர்வு பெறும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும்.

கல்விக் கடனிலும் வரம்பு உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், ரூ.8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் குறிப்பிட்ட உயர்கல்வி நிலையங்களில் சேர்ந்தால், ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை கோரலாம்.

வரம்பு வைப்பதில் நியாயம் உண்டு. அரசிடம் உள்ள பணம் அளவானது. ஐம்பது ஏக்கர்காரர் மகனுக்கும் கூலி வேலை செய்பவர் மகளுக்கும் ஒரே தொகையைப் பிரித்துக் கொடுத்தால், தேவைப்பட்டவருக்குப் போதாமல் போகும்.

எங்கே இடிக்கிறது?

மாதச் சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. ஆண்டு வருமானம் என்ன என்று கேட்டால் அதைக் காட்டிவிடுவார். விவசாயிக்கு அப்படிப்பட்ட தாள் இல்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. ஆகவே வரிக் கணக்கும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து எழுதுவதே அவர் வருமானமாகிறது.

வரவையும் வருமானத்தையும் ஒன்றாக எண்ணிவிடுவது அடுத்த சிக்கல். உதாரணமாக, இரண்டு ஏக்கரில் கரும்பு பயிரிட்டவர் ஏக்கருக்கு 40 டன் வீதம் 80 டன் வெட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். டன்னுக்கு ரூ.3,500 கிடைத்தால் ஆலையிலிருந்து வருவது ரூ.2,80,000. இதை அப்படியே எழுதினால் வரம்பு தாண்டிவிடும். விதைக்கரணை, உரம், களையெடுப்பு, வெட்டுக்கூலி எல்லாம் சேர்ந்து பாதிப் பணத்தைக் கொண்டுபோயிருந்தால், அவர் குடும்பத்துக்கு நின்றது ரூ.1,40,000 மட்டுமே. வருமானம் என்பது இதுதான்.

மூன்றாவது சிக்கல், விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. மஞ்சள் விலை ஏறிய ஆண்டில் வரம்பைத் தாண்டுபவர், மறு ஆண்டு கிணறு வற்றியதும் கடனாளியாகிறார். ஆனால் பிள்ளையின் படிப்பு மூன்று, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நடக்க வேண்டும்.

கடைசியாக, வரம்பு என்பது வரப்புப் போல் சரிவாக இல்லை. கிணற்றுச் சுவர்போல் செங்குத்தாக இருக்கிறது. ரூ.2,50,000 என்றால் உதவி உண்டு, ரூ.2,51,000 என்றால் இல்லை. ஆயிரம் ரூபாய் கூடியதற்காகப் பல ஆயிரம் ரூபாய் உதவி நின்றுபோகிறது.

வரம்பில்லாத உதவிகள்

தமிழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கே பள்ளிக் கட்டண விலக்கு இருந்தது. 1964-ல் காமராஜர் காலத்துத் திட்டத்தின் விரிவாக வருமானம் பாராமல் அனைவருக்கும் பள்ளிக் கல்வி இலவசமாயிற்று. சான்று கேட்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

2010-ல் வந்த முதல் பட்டதாரி கட்டணச் சலுகைக்கும் வருமான வரம்பு வைக்கப்படவில்லை. குடும்பத்தில் அதற்குமுன் எவரும் பட்டம் பெறாதிருக்க வேண்டும்; கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேர்ந்திருக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-ல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டங்களில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்ததே தகுதியாக வைக்கப்பட்டது. மாதம் ரூ.1,000 மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே சென்றது. தந்தையிடம் பணம் இருந்தும் மகள் படிப்புக்குச் செலவிட மனம் வராத வீடுகளில், இதனால் மகளுக்கு நேரடியாகப் பலன் கிடைக்கிறது.

அமெரிக்காவிலும் இதே பேச்சு

மாணவர் உதவியில் விவசாயக் குடும்பத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி வேறு நாட்டிலும் எழுந்தது. அமெரிக்காவில் 2024-25 கல்வியாண்டு முதல், குடும்பம் குடியிருந்து பயிர் செய்யும் பண்ணையின் மதிப்பையும் பெற்றோரின் சொத்தாகக் கணக்கில் சேர்த்தனர். நிலத்தை விற்றால்தானே அது பணமாகும் என்று விவசாயிகள் எதிர்த்தனர். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் 2026-27 முதல் அந்த விலக்கைத் திரும்பக் கொடுத்தது.

எது முறை?

பள்ளிக் கல்வியும் பள்ளியில் சாப்பாடும் வருமானம் பாராமல் எல்லாருக்கும் கிடைப்பதே சரி. கல்லூரிக்கான பெரிய உதவிகளில் வருமானத்தைப் பார்க்கலாம். ஆனால் சாகுபடிச் செலவு போக நிற்பதைப் பார்க்க வேண்டும். ஒரே ஆண்டை எடுக்காமல் மூன்று ஆண்டுச் சராசரியை எடுக்க வேண்டும். வரம்பைத் தாண்டியவுடன் முழுவதும் நிறுத்தாமல், வருமானம் ஏற ஏற உதவியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவ்வாறு செய்தால் வரம்பும் இருக்கும், நியாயமும் இருக்கும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

* வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், சிட்டா நகல்களை எடுத்துச் செல்ல வேண்டும். சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும். எனவே கல்லூரி திறப்பதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.

* உரக்கடை ரசீது, ஆலைப் பட்டியல், கொள்முதல் நிலையச் சீட்டு, கூலிக் கணக்கு ஆகியவற்றை ஒரே நோட்டில் சேர்த்து வைக்க வேண்டும். விசாரணையின்போது செலவைக் காட்ட இவை உதவும்.

* வருமானத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பொய் என்று தெரிந்தால் சான்றிதழ் ரத்தாகும். பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டவும் நேரிடும்.

* மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றுக்கான ரூ.8 லட்ச வரம்பில் விவசாய வருமானம் சேர்க்கப்படுவதில்லை. உதவித்தொகைக்கான வருமானச் சான்றில் அது சேரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

* வரம்பு சற்றே தாண்டிவிட்டால் மனம் தளர்ந்து படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. முதல் பட்டதாரி சலுகை போல வருமானம் பாராத உதவி உண்டா, இவ்வாண்டு விதி என்ன என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்து விண்ணப்பிக்க வேண்டும்.